கடல்ல ஈ.பி. ஆபீஸ் கிடையாது

பாய்மரப் படகு காத்துல ஓடுறதுதானே, அதுக்கு எதுக்கு பேட்டரின்னு நீங்க கேட்கலாம். படகை நகர்த்தக் காத்து போதும். ஆனா ராத்திரியில நாம இருக்கிற இடத்தைச் சரக்குக் கப்பலுக்குக் காட்டுற விளக்கு, ரேடியோ, ஜி.பி.எஸ்., உள்ளே புகுந்த தண்ணியை இறைக்கிற பம்ப், திசை மாறாம ஓட்டுற ஆட்டோபைலட் எல்லாமே 12 வோல்ட்டை நம்பித்தான் இருக்கு. நடுக்கடல்ல கரண்ட் போனா போன் பண்ண ஈ.பி. ஆபீஸ் கிடையாது.

போன கோடை லீவுல கொச்சியில ஒரு படகு ஒர்க்‌ஷாப்ல ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் பண்ணினேன். அங்கே 36 அடி பாய்மரப் படகு ஒண்ணு வந்தது. வயசான கணவன், மனைவி ரெண்டே பேர். அடுத்து மாலத்தீவு போகணும். பேட்டரி வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையாம். ஆனா நடுராத்திரியில ஆட்டோபைலட் நின்னுடுதாம். அப்புறம் விடியுற வரைக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சுக்கான் பிடிக்கணும். எழுபதை நெருங்குற வயசுல அது சின்ன விஷயமில்லை.

எங்க எலக்ட்ரீஷியன் சேட்டன் மல்டிமீட்டரைத் தொடவே இல்லை. முதல்ல பேப்பர்ல கணக்குப் போடச் சொன்னார். ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர், பாதி நேரம் ஓடினா 60 ஆம்பியர்-அவர். ஆட்டோபைலட் 3 ஆம்பியர், நாள் முழுக்க 72. ரேடியோ, ஜி.பி.எஸ். 24. ராத்திரி விளக்குகள் 12. மொத்தம் 168. படகுல இருந்தது 100 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி ரெண்டு. பேருக்குத்தான் 200; ஆயுள் குறையாம இருக்கணும்னா பாதிக்கு மேல இறக்கக் கூடாது. கையில 100, செலவு 168. புரியுதா?

சரி, தினமும் சார்ஜ் பண்ணலையா? பண்ணினாங்க. தினமும் ஒரு மணி நேரம் இன்ஜின் ஓட்டியிருக்காங்க. டவுன் பஸ் காலியா இருக்கும்போது எல்லாரும் கடகடன்னு ஏறிடுவாங்க, கடைசிப் பத்துப் பேர் உள்ளே நுழையத்தான் நேரம் ஆகும் இல்லையா? பேட்டரியும் அப்படித்தான். 80 சதவீதம் வரைக்கும் கரண்டை வேகமா வாங்கும். மிச்ச 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் வேணும். அது நிறையாமலே விட்டா, தகடுகள் மேல படியுற லெட் சல்ஃபேட் கெட்டியாகிடும். அப்புறம் அந்தப் பகுதி வேலை செய்யாது. நாம செமஸ்டருக்காகப் படிச்ச 'சல்ஃபேஷன்' இதுதான்.

ஹைட்ரோமீட்டர் வெச்சுப் பார்த்தோம். ஃபுல் சார்ஜ்ல 1.265 பக்கம் காட்டணும். ஒரு பேட்டரியில ஐந்து செல் 1.230, ஆறாவது 1.100. அந்த ஒரு செல் செத்ததால, பேரலல்ல இருந்த நல்ல பேட்டரியும் தன் சார்ஜை அதுக்கு அழுதுக்கிட்டு இருந்தது. ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசையும் பழசு இழுத்துடும்னு சேட்டன் சொல்ல, அந்த அய்யா யோசிச்சு ரெண்டையும் மாத்தினார். கூடவே சோலார் பேனலும் போட்டோம். இன்ஜின் 80 வரைக்கும் ஏத்தும், மிச்சத்தை வெயில் பொறுமையா நிரப்பும். ஃபிரிட்ஜைக் கடல்ல அணைச்சு வெக்க அந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க.

அங்கே கத்துக்கிட்ட இன்னும் சில விஷயம். இன்ஜின் ஸ்டார்ட் பண்ற பேட்டரி தனியாவே இருக்கணும். விளக்கெல்லாம் அணைஞ்சாலும் இன்ஜின் கிளம்பணும். டெர்மினல்ல உப்புக்காத்தால பச்சை பூத்தா சமையல் சோடாத் தண்ணியில துடைச்சு, காஞ்சதும் வாசலின் தடவணும். வெறும் 0.05 ஓம் தடை போதும். 100 ஆம்பியர் இழுக்கும்போது 5 வோல்ட் அங்கேயே காலி. கடல்தண்ணி பேட்டரிக்குள்ள போனா குளோரின் வாயு வரும், அதனால பெட்டியை உயரத்துல வெச்சு, படகு கவிழ்ந்தாலும் நகராதபடி கட்டணும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காத்தோட்டம் கட்டாயம்.

உங்க வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கிறதும் பெரும்பாலும் இதே லெட்-ஆசிட்தான். இந்த வாரம் ஊருக்குப் போனா தண்ணி மட்டம் பாருங்க. குறைஞ்சிருந்தா ஃபுல் சார்ஜ் ஆன பிறகு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, குழாய்த்தண்ணி வேண்டாம். மூடியைத் திறக்கும்போது லேப் கண்ணாடி போட்டுக்கோங்க. அம்மா சிரிச்சாலும் பரவாயில்லை.