ஒரு நாள் ஆட்டத்திற்கு மூன்று மாதம்

திருவண்ணாமலை என்றதும் வெளியூர் அன்பர்களின் நினைவில் எழுவன மூன்று: மலை, கோபுரம், தீபம். 217 அடி உயர்ந்து நிற்கும் கீழைக் கோபுரமும், 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையும், கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஒளிரும் சுடரும் இவ்வூரின் அடையாளங்கள். தீபத்திற்கு முன், தீபத்திற்குப் பின் என்றே இங்கு ஆண்டு கணக்கிடப்படுகிறது. ஆயினும் இதே ஊரில் வேறொரு கணக்கு வைத்திருக்கும் இளைஞரும் உளர். கல்லூரிகள் திறந்து, ஆடிக்காற்று செம்மண்ணை வாரி இறைக்கத் தொடங்குகையில் அவர்களுக்கு ஆண்டு பிறக்கிறது. அவர்கள் கல்லூரிக் கால்பந்து அணியினர்.

பந்தை உதைத்துப் பழகியவனல்லன் நான். என் தமக்கையின் மகன் கல்லூரி அணியில் சேர்ந்த நாள் முதல், என் காலை நடையை அவர்கள் பயிலும் திடலின் ஓரமாக மாற்றிக்கொண்டேன். மூன்றாண்டுகளாக அங்கே கண்டவற்றையும், கண்டதனால் எழுந்த எண்ணங்களையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பருவத்தின் முதல் நாளில் அவர்கள் செய்வது பந்தைத் தொடுவதன்று, திடலைப் பெருக்குவது. கோடை விடுமுறையில் நெருஞ்சி படர்ந்து, கல்லும் கண்ணாடிச் சில்லும் சேர்ந்து கிடக்கும் மண்ணில் நாற்பது பேர் வரிசையாக நின்று, குனிந்தபடியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கின்றனர். கையில் அகப்பட்டவை சாக்கில் விழுகின்றன. இரண்டு நாள் இவ்வாறு நடந்தபின் சுண்ணாம்புப் பொடியால் கோடு இடுகின்றனர். புல் என்பது இத்திடலில் மழைக்காலத்து விருந்தாளி. கீழே விழுந்தால் முழங்கால் தோல் உரியும் என்பதை அறிந்துதான் ஒவ்வொருவனும் இங்கே விழுகிறான்.

அடுத்த இரு வாரங்கள் ஓட்டம். விடியுமுன் கிரிவலப் பாதையில் ஓடுகின்றனர். செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வருவோர் உண்டு. பேருந்து வராத நாளில் மிதிவண்டியில் வருவோரும் உண்டு. பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மட்டும் அப்பாதையில் ஓட இயலாது. இலட்சக்கணக்கான அன்பர்கள் வெறுங்காலோடு நடக்கும் பாதை அல்லவா! அன்றிரவு இவ்விளைஞருள் சிலர் பாதையோரத் தேநீர்க் கடைகளில் வேலை செய்து, அந்தக் கூலியில் பூட்ஸ் வாங்குவதை நான் அறிவேன்.

செங்கம் சாலையில் இரமணாசிரமத்தைக் கடந்து அவர்கள் ஓடும்போதெல்லாம் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். 1896 செப்டம்பர் முதல் நாளன்று இவ்வூரில் வந்து இறங்கிய பதினாறு வயது வேங்கடராமன், மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்த காலத்தில் கால்பந்தில் பெருவிருப்பம் கொண்டவராக இருந்தார். அவர் இருந்த பக்கமே எப்போதும் வென்றதால் உறவினர் அவரைத் ‘தங்கக்கை’ என்று அழைத்தனர் என அவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். ஆட்டத்தையும் வீட்டையும் ஒருசேரத் துறந்து இம்மலைக்கு வந்த அவரை உலகம் இரமண மகரிஷி என்று அறிந்தது. அவருக்கு வெற்றி கைவந்த பொருளாக இருந்தது. அவர் வாழ்ந்த இடத்தைத் தாண்டி இன்று ஓடும் இப்பிள்ளைகளுக்கோ வெற்றி அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை.

ஏன் வாய்ப்பதில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகள், 2002-ஆம் ஆண்டு வேலூரை மையமாகக் கொண்டு தொடங்கப்பெற்ற திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் போட்டிகளில் திறம் காட்டுவோரைத் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழக அணி அமைப்பர். அவ்வணி தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும். அங்கும் முன்னணியில் நின்றால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய சர் அசுதோஷ் முகர்ஜியின் பெயரால் வழங்கும் கோப்பை. ஏணி நீளமானது, ஆனால் அதன் முதற்படியிலேயே பெரும்பாலோர் நின்றுவிடுகின்றனர். கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் வெளியேற்று முறையில் தொடங்குகின்றன. பதினாறு அணிகள் வந்தால், முதற்சுற்று முடிந்ததும் எட்டு அணிகள் வீடு திரும்புகின்றன. மூன்று மாதப் பயிற்சிக்கு ஒரு நாள் ஆட்டம். சில வேளைகளில் ஒரே ஒரு தவறான உதை.

சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்தது அதுதான். முதல் ஆட்டம்; ஒன்றுக்குச் சுழி என்று தோல்வி. பிற்பகல் பேருந்திலேயே திரும்பிவிட்டனர். என் மருமகன் அந்த ஆட்டத்திலும் ஆடவில்லை. அவன் இரண்டாம் கோல்கீப்பர். கால்பந்தில் மற்ற இடங்களுக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்குவது இயல்பு. காவலனுக்கு அடிபட்டாலன்றி மாற்று இறங்குவது அரிது. இரண்டாண்டுகளாக அவன் வரிசையில் உட்கார்ந்திருந்தான். இவ்வாண்டு கல்லூரியில் அவனுக்குக் கடைசி ஆண்டு.

ஆனி மாதத்தில் ஒரு மாலை, என் தமக்கை என்னிடம் கேட்டாள்: “ஏன் தம்பி, இந்தப் பந்து அவனுக்கு ஒரு வேலைக்காவது உதவுமா? நாலரை மணிக்கு எழுந்து ஓடுகிறான். அந்த நேரத்தில் தேர்வுக்குப் படித்தால் ஆகாதா?”

அவள் கேட்டதில் பிழையில்லை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு மூன்று விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்குரிய சான்றுகள் படிவங்களாக வகுக்கப்பட்டுள்ளன. பல்கலைக்கழகத்தின் சார்பில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியவர்க்கு மூன்றாம் படிவம். கல்லூரி அணியில் மட்டும் ஆடியவர்க்கு அத்தகைய படிவம் இல்லை. கல்லூரி அணியிலேயே வெளியில் உட்கார்ந்திருந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. “உதவாது அக்கா” என்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அவள் மறுபேச்சின்றி அடுக்களைக்குள் சென்றுவிட்டாள். மறுநாள் காலையிலும் நாலரை மணிக்கு அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவள் அவளே.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் இவ்வாண்டு திடலோரம் நின்றேன். விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும், உடலை உறுதியாக்கும் என்றெல்லாம் சொல்லிவிடலாம். மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய சொற்கள் அவை. ஒரு தாய்க்கு விடையாகும் வலிமை அவற்றுக்கு இல்லை.

நான் கண்டது இது. மாலைப் பயிற்சியின் இறுதி அரைமணி, கோல் அடிக்கும் பயிற்சி. முன்களத்தார் வரிசையாக வந்து உதைக்கின்றனர். முதல் கோல்கீப்பர் பத்து உதைகளுக்குப்பின் விலகி ஓய்கிறான். அவனுக்கு அடிபடக் கூடாதல்லவா? மற்ற அறுபது, எழுபது உதைகளையும் எதிர்கொள்பவன் இரண்டாமவன். அந்தக் கட்டாந்தரையில் இடமும் வலமும் அவன் பாய்ந்து விழுகிறான். அவன் தடுக்கத் தடுக்க, உதைப்பவன் இன்னும் ஓரத்தைத் தேடுகிறான். அவன் ஓரத்தையும் எட்டிப் பிடிக்க, உதைப்பவன் காற்றைக் கணித்துப் பந்தை வளைக்கக் கற்றுக்கொள்கிறான். தடுப்பவன் சோம்பினால் அடிப்பவனின் கால் கூர்மையடையாது. ஆட்ட நாளில் அந்தக் கால் அடிக்கும் கோலுக்கு ஏட்டில் ஒரு பெயர்தான் எழுதப்படும். அதில் பாதி இந்தப் புழுதியில் கிடப்பவனுடையது.

அணியின் உடற்கல்வி இயக்குநரிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “முழு ஆட்டத்தில் ஒருவன் காலில் பந்து இருப்பது ஓரிரண்டு நிமிடங்கள்தான் சார். மீதி நேரமெல்லாம் அடுத்தவனுக்காக ஓடுவது. நாங்கள் மூன்று மாதம் பழக்குவது அந்த மீதி நேரத்தைத்தான்” என்றார். வெளியில் உட்காரும் காவலன் அந்த மீதி நேரத்தை முழுதாக ஏற்றுக்கொண்டவன் என்று எனக்குத் தோன்றியது.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி தங்கம் வென்றது. பயிற்றுநர் சையது அப்துல் ரஹீம். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என வென்றனர். தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும், பி. கே. பானர்ஜி ஒரு கோலும் அடித்ததை இன்றும் போற்றுகிறோம். இலக்கைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஆனால் தங்கராஜ் நலம் குன்றியிருந்த வேளையில், அதே தொடரில் அவரிடத்தில் நின்று காத்தவர் பிரத்யுத் பர்மன். இறுதி நாளில் தங்கராஜ் திரும்பியதும் பர்மன் வெளியே அமர்ந்தார். அவர் முன்னர்க் காத்திராவிடில் இறுதியாட்டமே இருந்திராது. ஆயத்தமாக இருந்த ஒருவரால் கிடைத்த பொன் அது.

நம் மறைமாவட்டத்தார்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. 1906-இல் தஞ்சைக்கு வந்த சலேசியத் துறவியர், 1951-இல் திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே வேலூர் மறைமாவட்டம் அவர்கள் பொறுப்பில் உருவாயிற்று. அவர்தம் நிறுவனர் தொன்போஸ்கோ, ஆலயத்தையும் பள்ளியையும் போலவே ஆடுகளத்தையும் கல்வியின் இன்றியமையாப் பகுதியாகக் கருதினார். ஆசிரியர் சாளரத்தில் நின்று பார்ப்பவராக அன்றிப் பிள்ளைகளோடு களத்தில் இருப்பவராக விளங்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. அங்கி மடித்துக் கட்டிய குருக்களோடு பந்தாடியதைச் சொல்லி மகிழும் முதியவர்கள் நம் பங்குகளில் இன்னும் இருக்கின்றனர். அவ்வாட்டங்களில் முதற்சுற்று, வெளியேற்றம் என்பன இல்லை. அந்தி சாயும்வரை எல்லாரும் ஆடினர்.

அந்த நினைவு எனக்கொரு வழியையும் காட்டுகிறது. பதினாறு அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவிலும் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால், 24 ஆட்டங்கள். எந்த அணியும் மூன்று ஆட்டங்களுக்குக் குறையாமல் ஆடும். இரண்டாம் காவலனுக்கும் ஓர் ஆட்டம் கிட்டும். “நல்லதுதான் சார். நடுவர் கூலி, தங்குமிடம், சாப்பாடு, பேருந்துச் செலவு. அதை யார் தருவது?” என்றார் இயக்குநர். உண்மைதான். ஆனால் சனி, ஞாயிறுகளில் நம் பங்குப் பள்ளிகளின் திடல்கள் பல வெறுமனே கிடக்கின்றன. பருவம் தொடங்குமுன், அண்டைக் கல்லூரிகள் நான்கைந்து கூடிச் சுழல்முறையில் நட்பு ஆட்டங்கள் ஆட ஒரு திடலும், மதியத்துக்கு ஓர் அண்டாச் சோறும், குடிதண்ணீரும் போதும். சாதியும் சமயமும் கேளாமல் இதைத் தர நம் பங்குகளால் இயலாதா? அந்த ஆட்டங்களால் மூன்றாம் படிவம் கிடைக்காது. ஆனால் மூன்று மாதம் விழுந்து எழுந்தவனுக்கு, தான் பழகியதை ஒருமுறை ஆடிப் பார்க்கும் நாள் கிடைக்கும்.

சென்ற வாரம் இவ்வாண்டின் பதினெட்டுப் பேர் கொண்ட பட்டியல் ஒட்டப்பட்டது. மருமகனின் பெயர் கடைசியில் இருந்தது, ‘கோல்கீப்பர் - 2’ என்று. அதைவிட என்னை வியப்பில் ஆழ்த்தியது மற்றொன்று. பட்டியலில் இடம்பெறாத இருபதுக்கு மேற்பட்டோருள் பதினொருவர் மறுநாள் காலையும் வந்திருந்தனர். பதினெட்டுப் பேருக்கு எதிர்நின்று ஆட ஓர் அணி வேண்டுமே! அவர்களை யாரும் அழைக்கவில்லை.

“உனக்கு இந்த வருஷமும் ஆட்டம் கிடைக்காமல் போகலாம், தெரியும்தானே?” என்று மருமகனைக் கேட்டேன்.

“தெரியும் மாமா” என்றான். “எனக்கு உதைக்க அவங்க வந்திருக்காங்க. நான் எப்படி வராம இருக்கிறது?”

என் தமக்கைக்குச் சொல்லத் தக்க விடை இப்போது என்னிடம் இருக்கிறது. வேலை தராத விடைதான். ஆனால், தன்னை நம்பி ஒருவன் வருகிறான் என்பதற்காக விடியுமுன் எழுகிற பிள்ளையை அவள் பெற்றிருக்கிறாள் என்பதை, அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே ஒருநாள் சொல்லிவிட வேண்டும்.