பனிக்குப் போர்வை

வெளிநாட்டுப் பிரயாணத்தில் கடைசி இரண்டு நாட்கள் இருக்கின்றனவே, அவற்றைப் போல் பொல்லாதவை வேறு கிடையாது. போன புதிதில் மலையைப் பார்த்த கண், இப்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கும். பெட்டியின் கனம், கையில் மிச்சமுள்ள பணம், தங்கைக்கு வாங்க வேண்டிய சாக்லேட் இவைதான் மனத்தில் நிற்கும். இயற்கையாவது, அழகாவது!

2018-ம் ஆண்டுக் கோடையில் அம்மாவுடன் ஸ்விட்ஜர்லாந்து போயிருந்தபோது எனக்கும் இந்தக் கதிதான். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் தங்கியிருந்தோம். அங்கே ஸ்டவ்பாக் அருவி சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. விழுகிறது என்பதைவிடப் பறக்கிறது என்பதே சரி. பாதி வழியிலேயே தண்ணீர் புகையாகிவிடுகிறது. அம்மா அதன் எதிரே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நானோ, கடை மூடும் நேரத்தைக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தேன்.

"கடை நம் ஊரிலும் இருக்குடா! நாளைக்கு ஏதாவது ஆறு பிறக்கிற இடத்துக்கு அழைத்துக்கொண்டு போ" என்றாள் அம்மா.

தலைக்காவிரியில் ஸ்நானம் செய்தவள் அல்லவா? ஆறு பிறக்கும் இடம் எதுவானாலும் அவளுக்கு க்ஷேத்திரம்தான்.

மறுநாள் ரயிலிலும் மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸிலுமாக மலை ஏறி, ஃபுர்க்கா கணவாய்க்கு அருகே ரோன் பனியாற்றை அடைந்தோம். இங்கே பிறக்கும் ரோன் நதி, ஜெனிவா ஏரியில் புகுந்து புறப்பட்டு, பிரான்ஸ் தேசத்தைக் கடந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது.

அங்கே கண்ட காட்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பனியாற்றின் ஓரத்தை வெள்ளைப் போர்வைகளால் மூடியிருந்தார்கள்!

"ஏண்டா, பனிக்குக்கூடக் குளிருமா?" என்றாள் அம்மா.

குளிருக்காக அல்ல, வெயிலுக்காக! பனியைக் குடைந்து குகை செய்வது அங்கே 19-ம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். அந்தக் குகை கோடையில் உருகிவிடாமலிருக்கத்தான் போர்வை என்று விளக்கினேன்.

"கல்யாண வீட்டுக்கு ஐஸ் கட்டியை மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றிக் கொண்டு வருவார்களே, அந்த மாதிரியா?"

அதே மாதிரிதான்! 1850-களில் இந்தப் பனி, கீழே கிளெட்ச் என்ற இடத்தின் தரை வரை இறங்கியிருந்ததாம். இப்போது அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் மொட்டைப் பாறைதான்.

குகைக்குள் எங்கும் நீல வெளிச்சம். மேலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. நான் ஒதுங்கினேன். அம்மா ஒதுங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டினாள்.

வெளியே வந்ததும், "உன் பெண்ணுக்கு இதைக் காட்டிவிடு. குழந்தை வளரட்டும் என்று நீ காத்திருக்கலாம். இது காத்திருக்காது போலிருக்கே!" என்றாள்.

சாக்லேட்டை விமான நிலையத்தில் அவசர அவசரமாக வாங்கினேன். தங்கைக்குக் கோபம்தான்.

பிறகு ஒரு நாள் செய்தி படித்தேன். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஸ்விட்ஜர்லாந்தின் பனியாறுகள் தம் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டனவாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அன்றைக்கே பீரோவில் ஒரு உண்டியல் வைத்தாயிற்று. முதல் காசு அம்மா போட்டது.