பெயரறிந்து காணும் பூ

பூங்காவிற்குச் செல்வோர் பெரும்பாலும் பாத்தியில் மலர்ந்திருக்கும் சாமந்தியையும் ரோசாவையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். தமிழ்நிலத்தில் வேனிலின் வரவைக் காண விழைவோர் சற்றே தலை நிமிர்ந்து மரங்களை நோக்குதல் வேண்டும்.

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். பின்பனி முடியுமுன்னரே புரசும் முள்ளிலவும் இலைகளை உதிர்த்துவிட்டுச் செந்நிறப் பூக்களைத் தாங்கி நிற்கும். இலையற்ற கிளையில் பூப்பதற்குப் பயன் உண்டு. செந்நிறம் பறவைகளின் கண்ணுக்கு எளிதில் புலப்படும். மறைக்கும் இலைகள் இல்லாமையால் மைனாவும் தேன்சிட்டும் தொலைவிலிருந்தே பூவைக் கண்டு நாடி வரும். தேனுண்ணும்போது அவற்றின்மேல் ஒட்டும் மகரந்தம் அடுத்த மரத்தைச் சென்றடையும். பின்னர்ப் புங்கும் வேம்பும் பூக்கும். சித்திரையில் சரக்கொன்றை பொன்னிறச் சரங்களைத் தொங்கவிடும்.

சென்னையையும் பெங்களூருவையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு அருகே அமைந்துள்ள ஊர் பென்னலூர். ஆலைகள் மிகுந்த அப்பகுதியில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் சரக்குந்துகளும் இரவுபகலாக ஓடுகின்றன. அச்சாலை இணைக்கும் இரு நகரங்களிலும் புகழ்பெற்ற பூங்காக்கள் உள்ளன. சென்னையில் 2010ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பெங்களூருவில், 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலி தொடங்கித் திப்பு சுல்தான் விரிவாக்கிய லால்பாக் இருக்கிறது. இவ்விரண்டில் எதற்குச் சென்றாலும் ஒரு மரத்தடியில் நின்று அதன் பெயரைக் கேட்டறியலாம். இலை, பட்டை, பூ ஆகியவற்றோடு சேர்த்துக் கற்ற பெயர் எளிதில் மறப்பதில்லை.

பூவின் பருவங்களையே அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பிரித்துப் பெயரிட்ட மொழி தமிழ். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினார். அவற்றுள் சில எந்தச் செடிக்கு உரியவை என்பதை இன்று அறிஞராலும் உறுதியாகக் கூற இயலவில்லை. பார்த்துப் பெயர் சொல்லி அழைப்போர் அருகிவிட்டால், பூவின் பெயர் உரைநூலில் மட்டும் எஞ்சும் சொல்லாகிவிடுகிறது. புரச மரங்கள் மிகுந்திருந்தமையால் புரசைவாக்கம் எனப் பெயர் வந்தது என்பர். அவ்வூர்ப் பெயரை நாள்தோறும் சொல்வோருள் புரசம்பூவைக் கண்டவர் எத்தனை பேர்?

பூங்காவில் பெற்ற அறிவு ஊர் திரும்பியபின் பயன் தரத் தொடங்குகிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர், பொரி சிந்தியதுபோல் நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் பூக்களைக் கண்டு, 'இது புங்கு' என்று அண்ணாந்து பார்ப்பார். அதுவரை வெறும் நிழலாக இருந்த மரம் அன்றுமுதல் அவருக்குத் தெரிந்த மரம். அதனை வெட்ட முற்படுவோரிடம், 'ஏன் வெட்டுகிறீர்கள்?' என்று கேட்கவும் அவருக்கு மனம் வரும். ஆலைகளும் அகன்ற சாலைகளும் பெருகிவரும் ஊர்களில், அடுத்த பங்குனியிலும் ஒரு புங்க மரம் பூத்து நிற்பது அத்தகையோரையும் பொறுத்தது.