ஒரு டாலர் புத்தகமும் 120 கேள்விகளும்

டெக்சஸ் மாநிலத்தில் அரசுக் கல்லூரியில் கணக்கியல் படித்தாலும் சரி, கம்ப்யூட்டர் படித்தாலும் சரி, அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் வாங்காமல் இளநிலைப் பட்டம் கிடையாது. மாநிலச் சட்டமே அப்படி. வேண்டுமானால் அதில் 3 கிரெடிட்டுக்கு டெக்சஸ் வரலாறு படித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாண்டில், மீனாட்சி கோயிலுக்குப் பத்து நிமிடத் தொலைவில் குடியிருக்கும் திண்டுக்கல் பெண்மணி ஒருவருக்கு இந்தச் சட்டம் நாற்பத்திரண்டு வயதில் வந்து வாய்த்தது. ஊரில் வாங்கிய பி.காம். பட்டத்தைக் கல்லூரியில் பாடம் பாடமாகப் பிரித்துப் பார்த்துச் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். ஜெஃபர்சனும் லிங்கனும் அந்த மதிப்பெண் பட்டியலில் எங்கே இருக்கப்போகிறார்கள்?

வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டு செமஸ்டர் ஓடிவிடும். வேலைக்குப் போகிறவருக்கு அது கட்டாது. ஆனால் குறுக்கு வழி ஒன்று உண்டு, முறையான குறுக்கு வழி. காலேஜ் போர்டு 1967 முதல் நடத்திவரும் 'கிளெப்' தேர்வு. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க வரலாறு இரண்டு தாள்: குடியேற்றக் காலத்திலிருந்து 1877 வரை ஒன்று, 1865 முதல் இன்று வரை இன்னொன்று. தாளுக்குச் சுமார் 120 கேள்விகள், 90 நிமிடங்கள். கேள்விக்கு முக்கால் நிமிடம். 20 முதல் 80 வரையிலான அளவுகோலில் 50 எடுத்தால் 3 கிரெடிட் தரலாம் என்பது பொதுப் பரிந்துரை. கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும் என்பதால் சேர்க்கை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. தேறாவிட்டால் மட்டும், மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

எதைப் படிப்பது என்பதில்தான் திண்டுக்கல் பெண்மணி சறுக்கினார். 'என்ன புத்தகம் வாங்கலாம்?' என்று கோயிலில், ஆபீஸில், வாட்ஸாப் குழுவில் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டே வாரத்தில் சாப்பாட்டு மேசையில் ஏழு புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. வகுப்பறைப் பாடநூல் ஒன்று, நம்மூர்க் கோனார் நோட்ஸ் கணக்கில் இரண்டு கைடுகள், யாரோ படித்து முடித்துக் கோடு கோடாய் மஞ்சள் பூசிய இன்னொன்று. போதாக்குறைக்கு, தேறாவிட்டால் பணம் வாபஸ் என்று சொன்ன இணையதளம் ஒன்றுக்கு மாதச் சந்தாவும் கட்டினார். அதன் மாதிரித் தேர்வைத் திறந்தால் முதல் பத்துக் கேள்விகளில் ஆறு எந்தப் போர் எந்தத் தேதியில் என்றே கேட்டன.

ஏழில் மிக மலிவானது, நூலகத்தின் பழைய புத்தக விற்பனையில் ஒரு டாலருக்குக் கிடைத்தது. கனத்த அட்டை, வழவழ தாள், அழகான வரைபடங்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றிய அத்தியாயம்தான் வில்லங்கம். வடக்கிலிருந்து வந்த பேராசைக்காரர்களும், விவரமறியாத முன்னாள் அடிமைகளும் சேர்ந்து தெற்கைச் சூறையாடினார்கள், பிறகு தெற்கத்தியர்கள் தங்கள் ஆட்சியை 'மீட்டார்கள்' என்று அது கதை சொல்லியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் பரப்பிய பார்வை அது. வரலாற்றாசிரியர் டூ பாய்ஸ் 1935-லேயே அதை எதிர்த்துப் பெரிய நூல் எழுதினார். 1988-இல் அதே காலத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனரின் நூல் வந்தபோது அந்தப் பழைய கதை ஏறக்குறைய உதிர்ந்துவிட்டிருந்தது. ஒரு டாலர் புத்தகத்துக்கு இதெல்லாம் தெரியாது. இப்படி ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனால் அரசியலமைப்பின் 13, 14, 15-ஆம் திருத்தங்கள் எதற்கு வந்தன, 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்குப் போனது எப்படி என்பதெல்லாம் தலைகீழாகத்தான் புரியும். கணக்குப் புத்தகம் பழசானால் கணக்கு மாறாது. வரலாற்றுப் புத்தகத்தில் அச்சான ஆண்டைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அவர் குடியிருப்பதோ ஹூஸ்டன் பக்கம். 1865 ஜூன் 19 அன்று, அடிமைகள் விடுதலை பெற்றார்கள் என்ற ராணுவ ஆணை வெளியான கால்வெஸ்டன் துறைமுகம் ஒரு மணி நேரக் கார்ப் பயணம். கடற்கரைக்கு இட்லிப் பொட்டலத்தோடு எத்தனையோ முறை போயிருக்கிறார். ஜூன் 19-க்கு ஏன் ஆபீஸ் லீவு என்று மட்டும் கேட்டதில்லை.

அவரைக் கரையேற்றியது எட்டாவதாக வந்த ஒரு புத்தகமில்லை. காலேஜ் போர்டு இலவசமாகத் தரும் பாடத்திட்ட விவரம். ஏழு புத்தகத்தையும் வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். முதல் தாளில் 1500 முதல் 1789 வரை உள்ள காலத்துக்கு 30 சதவீதம்தான். 1790 முதல் 1877 வரையிலான காலத்துக்கு 70 சதவீதம். பொருள்வாரியாகப் பார்த்தால் அரசியலுக்கு 35, சமூகத்துக்கு 25, பண்பாட்டுக்கும் வெளியுறவுக்கும் தலா 15, பொருளாதாரத்துக்கு 10. போர்க்களங்களுக்கென்று தனிப் பங்கே இல்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஹூஸ்டனிலேயே உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூலைத் திறந்தார். இணையத்தில் இலவசம், மொத்தம் 32 அத்தியாயங்கள். முதல் தாளுக்கு 16 போதும். அதில் முதல் ஏழும் சேர்ந்து 30 சதவீதப் பகுதி, எட்டு முதல் பதினாறு வரை 70 சதவீதம். தானாகப் படிப்பவர்கள் முதல் பக்கத்தில் தொடங்கி, கொலம்பஸிலும் ஜேம்ஸ்டவுனிலும் உயிரைக் கொடுத்துவிடுவார்கள். ஆண்ட்ரூ ஜாக்சன் வருவதற்குள் தேர்வுத் தேதியே வந்துவிடும். அவர் எட்டாம் அத்தியாயத்தில் ஆரம்பித்தார். மிசௌரி சமரசம் 1820, கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் 1854, ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு 1857 என்று ஒன்றன் பின் ஒன்றாக அடிமைமுறைச் சிக்கல் இறுகுவதைப் பார்த்த பிறகே பின்னால் போய் முதல் ஏழையும் வேகமாகப் புரட்டினார். ஓரிடம் புரியாதபோது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தோடு சேர்ந்து வரலாற்றாசிரியர்கள் பலர் கூட்டாக எழுதிய 'தி அமெரிக்கன் யாப்' இருந்தது. அதுவும் இணையத்தில் இலவசம். நடை இன்னும் விறுவிறுப்பு, ஆனால் தேர்வுக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம் பேசும்.

வேகமாகப் புரட்டினார் என்று சொன்னாலும் ஓரிடத்தில் நின்றுவிட்டார். 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ், ஐந்து வருடம் கழித்து கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். அவர் திப்புவோடு போரிட்டு, 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் கம்பெனிக்கு வாங்கித் தந்தவற்றில் திண்டுக்கல்லும் ஒன்று. அங்கே தோற்றவர் இங்கே வந்து நம்ம ஊரை எழுதி வாங்கியிருக்கிறாரே என்று ஒரு சாயங்காலம் முழுக்க ஊருக்கு போன். தேர்வில் கார்ன்வாலிஸ் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

வீட்டில் இன்னொரு குழப்பமும் இருந்தது. பதினோராம் வகுப்பு மகன் ஏ.பி. அமெரிக்க வரலாறு படிக்கிறான். அதையும் காலேஜ் போர்டுதான் நடத்துகிறது, அதிலும் கல்லூரி கிரெடிட் உண்டு. மகன் புத்தகமே போதுமே, எதற்குத் தனிச் செலவு என்றார் கணவர். போதாது. மகனுடையது 1491-இல் தொடங்கி இன்று வரை ஒரே தேர்வு. 55 கொள்குறி வினாக்கள் போக, சிறு விடைகள், ஆவணங்களைக் கொடுத்து அவற்றை வைத்து எழுதச் சொல்லும் கட்டுரை, அதற்கு மேல் இன்னொரு நீண்ட கட்டுரை. அவன் கைடில் பாதிப் பக்கங்கள் கட்டுரைக்கு வாதம் கட்டுவது எப்படி என்று சொல்லித் தருகின்றன. அம்மா எழுதப்போவதோ வெறும் 'டிக்' தேர்வு. நாடு ஒன்று, வரலாறு ஒன்று, படிப்பு வேறு.

ஆக மேசையில் மிஞ்சியது மூன்றுதான்: இலவசப் பாடநூல், தேர்வு நடத்துபவர்களே வெளியிட்ட மாதிரி வினாக்கள், அவர் கையாலேயே எழுதிய அட்டைகள். அட்டைகள் பற்றி மகன் கேலி செய்தான். செயலியில் போட்டுக்கொள்ளலாமே என்றான். அவருக்குப் பேனா பிடித்தால்தான் மண்டையில் நிற்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, ரப்பர் பேண்டு போட்டு டிபன் பைக்குள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நாள்பட நிற்கும் என்று ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சோதனையில் ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்பு செய்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறிவிட்டது. நம்மூரில் ஒப்பிக்கச் சொன்ன டீச்சர்கள் முழுக்கத் தவறில்லை போலும்.

தேர்வுக் கட்டணம் ஏறக்குறைய 100 டாலர், தேர்வு மையத்துக்குத் தனிக் காசு. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இலவச இணைய வகுப்பும், முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்துக்கான கூப்பனும் தருகிறது. ஏழு புத்தகத்துக்கும் சந்தாவுக்கும் காசைக் கொட்டிய பிறகுதான் அவருக்கு இது தெரியவந்தது. அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

கடைசிக் கேள்வியை முடித்ததுமே திரையில் மதிப்பெண் வந்துவிட்டது: 61. வீட்டுக்கு வந்த கையோடு ஆறு புத்தகங்களை அட்டைப் பெட்டியில் போட்டு அதே நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். ஒரு டாலர் புத்தகத்தை மட்டும் மகன் விடவில்லை.

"அம்மா, இது எனக்கு வேணும். பழைய ஆளுங்க மறுசீரமைப்பைப் பத்தி எப்படி நெனச்சாங்கன்னு இதுலயே இருக்கு. கட்டுரைக்கு ஆவணமா வச்சுக்கலாம்."

"ஒரு டாலர் எடு" என்றார் அம்மா. அவன் இன்னும் கொடுக்கவில்லை. இரண்டாம் தாளுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதில் 1915-க்குப் பிந்தைய காலத்துக்குத்தான் 70 சதவீதம் என்று ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்.