60 அங்குலம்

தீபாவளி கழிந்து குளிர் இறங்கத் தொடங்கியதும் தில்லியின் குடியிருப்புத் தெருக்களில் இறகுப்பந்து வலைகள் முளைத்துவிடும். எங்கள் விடுதி முற்றத்திலும் விளக்குக் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் இடையே ஒன்று உண்டு. நான்கு குளிர்காலம் கண்ட நைலான் வலை. அங்கே நான் வலையோர ஆட்டக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். எதிராளி ஓடிவந்து குனிவதற்குள் பந்து வலையை உரசி அப்பால் விழுந்திருக்கும்.

சென்ற சனவரியில் விடுதிகளுக்கிடையிலான இரட்டையர் போட்டியை உள்ளரங்கில் ஆட நேர்ந்தது. நான் தொட்ட பந்தெல்லாம் வலையில் விழுந்தது. ஊரில் ஐவர் ஆடும் பூப்பந்தில் வலையில் மோதும் கம்பளிப் பந்து சற்றேனும் துள்ளும். ஐந்து கிராம் இறகுப்பந்தோ பட்ட இடத்திலேயே உயிரை விட்டுவிடுகிறது. 21-9, 21-11. என் இணையாக ஆடியவன் மணிப்பூர் மாணவன்; இந்தப் போட்டிக்காக இரண்டு மாதம் விடியலில் எழுந்து ஓடியவன். கைகுலுக்கியபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோற்றபின் மூலநூலைத் தேடுவது ஆய்வாளரின் வழக்கம். விதிநூலைப் படித்தேன். வலையின் மேல்விளிம்பு நடுவில் 1.524 மீட்டர், இரட்டையர் ஓரக்கோடுகளின் மேல் 1.55 மீட்டர். 26 மில்லிமீட்டர் தொய்வை விதியே அனுமதித்திருக்கிறது. வலையின் ஆழம் 76 சென்டிமீட்டர். கண்கள் 15 முதல் 20 மில்லிமீட்டர். உச்சியில், கயிற்றின்மேல் மடித்துத் தைத்த 75 மில்லிமீட்டர் வெள்ளை நாடா. டென்னிசில் தொடக்க வீச்சு வலையை உரசிச் சென்று கட்டத்தில் விழுந்தால் மறுபடி வீசவேண்டும். இங்கே, உரிய கட்டத்தில் விழுந்தால் அது செல்லும். ஆட்டக்காரரின் மட்டையோ உடையோ வலையில் பட்டால் மட்டும் புள்ளி போயிற்று. எங்கள் முற்றத்தில் அதை யாரும் கணக்கில் கொண்டதில்லை.

1.524 மீட்டர் என்பது 60 அங்குலம். தையற்காரரின் அளவுநாடா முடிகிற இடம். விடுதி வாசலில் தைக்கும் மாஸ்டர்ஜீயிடம் நாடாவை இரவல் வாங்கி வந்து அளந்தேன். எங்கள் வலையின் நடுப்பகுதி 56 அங்குலத்தில் நின்றது. என் புகழெல்லாம் அந்த நான்கு அங்குலம்தான். வலை தாழ்ந்திருந்ததால், பந்தை நாடாவின் உயரத்திலேயே முந்திச்சென்று எடுக்கவேண்டிய தேவை எனக்கு எழுந்ததே இல்லை. இடுப்பளவு இறங்கவிட்டுச் சோம்பலாகத் தட்டினாலும் கடந்துவிடும். அதை நான் கைநுட்பம் என்று நம்பியிருந்தேன்.

புதுக்கயிறு வாங்கிவந்து தனியே கட்ட முயன்றேன். ஒருபக்கம் இறுக்கினால் மறுபக்கம் நெகிழ்ந்தது. நூலகத்திலிருந்து திரும்பிய அவன் சிறிது நேரம் நின்று பார்த்தான். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு வேப்பமரத்துப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்தான்.

“இன்னும் இழுங்கள், பையா” என்றான் இந்தியில். போட்டிக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அதுவே முதல்முறை.