நாம் எழுதாமல் விட்ட சரிதை

இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய ஓர் இரவில், பாடப் புத்தகத்தின் மறைவில் தடித்த நூலொன்றை வைத்து நம் மூத்த மகன் வாசித்துக்கொண்டிருக்கக் கண்டோம். வாங்கிப் பார்த்தால், அவ்வை தி. க. சண்முகம் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’. குமாரபாளையத்து நூலகத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறான். “கூத்தாடிகளின் கதையைப் படித்தா தேர்வெழுதப் போகிறாய்?” என்று கடிந்து, நூலை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டோம். “நீங்களும் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள், அத்தா” என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

குறை கண்டு சொல்லலாம் என்ற எண்ணத்தோடுதான் மறுநாள் அதை எடுத்தோம். லுஹர் பாங்கு கேட்கும்வரை கீழே வைக்க மனம் வரவில்லை.

1972-ல் வெளிவந்த அந்நூலை ஆடம்பரப் புகழுரை என்று எதிர்பார்த்திருந்தோம். நாம் கண்டதோ ஓர் ஏழைச் சிறுவனின் தொழிற்கல்வி. 1918-ல், ஆறு வயதில், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்க்கப்பட்ட பிள்ளை அவர். அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு நாடகத்தை எழுதி முடித்தாராம். எத்தனையோ பிள்ளைகளுக்கு வசனமும் பாட்டும் தந்த அப்பெரியவர், வாத நோயால் தம் பேச்சையே இழந்து, 1922-ல் புதுவையில் மறைந்தார். இதை வாசித்தபோது நம் கண்கள் கலங்கின.

பாலர் சபைகளில் பிள்ளைகள் அஞ்சியது மகரக்கட்டு உடையும் பருவத்துக்குத்தான். நேற்றுவரை குயிலாயிருந்த தொண்டை இன்று கரகரக்கும். நாளை சோறு உண்டா என்பது அதைப் பொறுத்தது. நெசவாளியின் கை நடுங்கத் தொடங்கும் நாளை அறிந்த நம் ஊராருக்கு இந்த அச்சத்தை விளக்கவேண்டியதில்லை. பாட்டுக் கேட்பவர் ஒருநாளும் காணாத இப்பக்கத்தைக் காட்டுவதால்தான் இத்தகைய நூல்கள் வாசிக்கத் தக்கவையாகின்றன. பட்டமும் பொன்னாடையும் மட்டுமே அடுக்கியிருக்கும் சரிதைகளும் உண்டு. அவற்றை நாமும் பாதியிலேயே மூடி வைத்திருக்கிறோம்.

அதன்பின் தேடித் தேடி வாசிக்கலானோம். நம் ஊர்ப் படித்துறையைத் தொட்டு ஓடும் அதே காவிரி, கீழே கொடுமுடியையும் தொட்டுச் செல்கிறது. அங்கே 1908-ல் பிறந்து, இரயிலில் பாடிப் பிழைத்த ஒரு சிறுமி, பின்னாளில் கே. பி. சுந்தராம்பாளாகி 1951-ல் சட்ட மேலவையிலும் அமர்ந்தார். கணவர் கிட்டப்பா 1933-ல் இளவயதிலேயே மறைந்தபின் வெள்ளாடையே உடுத்தி வாழ்ந்த அவ்வம்மையாரின் கதையை நம் வீட்டுப் பெண்கள் கேட்டுப் பெருமூச்சு விட்டனர்.

நம் சமுதாயத்தவரின் வரலாறுகளைத் தேடியபோது உள்ளம் வேறுவிதமாகத் துடித்தது. ஆந்திரத்துக் கரவதியில் 1924-ல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா அவர்கள், தம் நாட்டில் பெயர் பெற்ற பின்னரும் தஞ்சைப் பாணியின்மீது கொண்ட காதலால் நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராய் அமர்ந்தார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, 1998-ல் சங்கீத கலாநிதியானார். மறு ஆண்டே மறைந்தார். காசியில் வாழ்ந்த உஸ்தாத் பிஸ்மில்லாகான் அவர்கள், முஹர்ரம் எட்டாம் நாளில் இராகம் எதுவும் இசைக்காமல், துக்கப் பாடலை மட்டுமே ஷெனாயில் ஊதிக் கண்ணீரோடு நடந்து செல்வார் என எழுதியிருக்கிறார்கள்.

உஸ்தாத் அப்துல் கரீம்கானின் முடிவு நம் மண்ணிலேயே நிகழ்ந்தது. 1937 அக்டோபரில், சென்னையிலிருந்து புதுவைக்குப் பயணமானவர் உடல்நலம் குன்றிச் சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையிலேயே, தர்பாரி இராகத்தில் இறைவனை இறைஞ்சியபடி உயிர் நீத்தார் என்று நூல்கள் கூறுகின்றன. மீரஜில், தர்காவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வரலாற்றை மராத்தியில் விரிவாக எழுதி வைத்தவர் அவருடைய சீடரான கபிலேஸ்வரி என்னும் இந்து அன்பர்.

இசை ஆகுமா, ஆகாதா என்பது உலமாக்கள் பேசவேண்டிய விஷயம். அதில் தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. ஆயின் ஒரு மனிதர் எப்படி உழைத்தார், எதற்கு அஞ்சினார், இறுதியில் யாரை அழைத்தார் என்பதை அறிந்துகொள்வதில் என்ன தடை இருக்கக்கூடும்?

சீடர் எழுதினார் என்ற அந்தச் செய்திதான் நம்மை உறங்கவிடாமல் செய்தது. நம் தெருவிலேயே ஒருவர் இருந்தார். பகலெல்லாம் தறியில் லுங்கி நெய்வார். இரவில் மீலாது மேடைகளிலும் நிக்காஹ் வீடுகளிலும் இஸ்லாமியப் பாடல்கள் பாடுவார். தறிச் சத்தத்தையே தாளமாகக் கொண்டு மெட்டுப் போடுவார். நாகூர் ஹனீபா அவர்கள் 2015-ல் மறைந்த அன்று, தம் தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தார். ஒருமுறை நம்மிடம், “தம்பி, நீங்கள்தாம் பத்திரிகைக்கெல்லாம் எழுதுகிறீர்களே! ஒருநாள் வாருங்கள், சொல்லுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்” என்றார். நோன்பு கழியட்டும் என்றோம். பெருநாள் கழிந்தது. பிறகு மகள் திருமணம், பிறகு மழை. சென்ற ஷஅபானில் அவர் மௌத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

யாரிடம் பாடக் கற்றார்? முதல் மேடை எந்த ஊரில்? பாடியதற்கு என்ன கொடுத்தார்கள்? ஒன்றும் அறியோம். இருப்பது ஓர் ஒலிநாடா. அதுவும் நடுவில் இழுபட்டு, குரல் தேய்ந்து ஒலிக்கிறது. ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்து நடக்கையில், அவர் “ஒருநாள் வாருங்கள்” என்றதே நம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது ஜும்ஆ தோறும் மாலையில் அவர் வீட்டுக்குச் செல்கிறோம். நம் மகன் குறிப்பேட்டோடு உடன் வருகிறான். அவருடைய துணைவியார் திரைக்கு அப்பாலிருந்து நினைவுக்கு வந்ததைச் சொல்லுகிறார். சென்ற வாரம், கல்யாணமான புதிதில் பாட்டுக்குப் போய்விட்டு விடியற்காலையில் பவானியிலிருந்து பாலத்தின் வழியே நடந்தே வந்த கதையைச் சொன்னார். சன்மானமாக வந்தது ஒரு பொட்டலம் நார்சாவாம். அது பிரிக்கப்படாமலே வீடு வந்து சேர்ந்ததாம். எந்த ஆண்டு என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை. பெரிய பிள்ளை அப்போது கைக்குழந்தை என்றார். மகன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.