ஓடாத மோட்டாருக்கு ஒரு வடிகட்டி

மலேசியாவின் சுங்கை வேயில் தாத்தாவின் மோட்டார் சைக்கிளை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அந்த மோட்டார்களின் கதை தொழிற்சாலைகளோடு தொடங்குகிறது. 1971ஆம் ஆண்டு சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. அதன்பின் இங்கே எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் எழும்பின. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. ராத்திரி ஷிஃப்டுக்குப் பஸ்ஸை நம்ப முடியாது, மோட்டார்தான் கதி. ஊரின் ஓரத்திலேயே ஓடும் கூட்டரசு நெடுஞ்சாலையில், 1970களின் தொடக்கத்திலேயே மோட்டாருக்கென்று தனித்தடம் போட்டுவிட்டார்கள். அந்தத் தடத்தில் ஓடித் தேய்ந்த, கப்சாய் எனும் சின்ன மோட்டார்களும், 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ்இசட்களும்தான் இன்று தாழ்வாரங்களில் துணி போர்த்தி நிற்கின்றன.

தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அவற்றை என் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். குறை ஒன்றேதான். “ஸ்டார்ட் ஆவுது அங்கிள், சிக்னல்ல நின்னா செத்துப் போவுது.”

கார்புரேட்டரைக் கழற்றினால் காரணம் தெரிந்துவிடும். ஐட்லிங்குக்கு எண்ணெய், அதாவது பெட்ரோல், விடும் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க ஒரு துகள் துரு போதும். அதே துரு ஊசி வால்வில் உட்கார்ந்தால், எண்ணெய் வழிந்து தரையில் சொட்டும்.

உடனே ஃபில்டர் போடச் சொல்வார்கள். போடலாம், எந்த ஃபில்டர் என்பதில்தான் விஷயம். பழைய மோட்டாரில் பம்ப் கிடையாது. டேங்கிலிருந்து எண்ணெய் தன் எடையிலேயே இறங்கி வருகிறது. முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம் சுமார் 2 கிலோபாஸ்கல். இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் தருவதோ சுமார் 300. பம்ப் வண்டிக்காகச் செய்த, நெருக்கமான காகிதம் வைத்த ஃபில்டரை இதில் மாட்டினால், மெதுவாகப் போகும்வரை வண்டி நன்றாக இருக்கும். நெடுஞ்சாலையில் த்ராட்டிலைத் திருகினால் எண்ணெய் போதாமல் திணறும். கப்சாயில் டேங்கே சீட்டுக்கு அடியில் இருப்பதால், கிடைக்கும் உயரமும் குறைவு. ஆகவே பம்ப் இல்லாத வண்டிக்கென்றே விற்கும் சின்ன ஃபில்டராகக் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்கட்டும். பக்கத்தில் சிகரெட் கூடாது. அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். டியூப் எங்கும் மேலேறாமல், மடங்காமல் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். இன்ஜின் சூடு படாத இடமாகவும் இருக்க வேண்டும். விறைத்துப்போன பழைய டியூபை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், கிளிப்போடு. கார்புரேட்டர் முனையைக் கழற்றி ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள்: எண்ணெய் ஒரே தாரையாக விழுந்தால் சரி, சொட்டினால் ஃபில்டர் சரியில்லை. கண்ணாடி போன்ற ஃபில்டர் பாதி காலியாகத் தெரிவதைக் கண்டு பயப்படாதீர்கள். உள்ளே காற்று நிற்பது சகஜம்.

இவ்வளவும் செய்து அனுப்பிய வண்டி சில வாரத்தில் திரும்பி வரும், ஃபில்டர் முழுக்கப் பழுப்பு மண்ணோடு. அதை மட்டும் மாற்றினால் மறுபடியும் வரும். துரு டேங்கில் இருக்கிறது. இந்த ஊரின் ஈரக்காற்று பாதி காலியான டேங்குக்குள் புகுந்து, குளிர்ந்து நீராகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் தங்கித் தகரத்தை அரிக்கிறது. நீரைச் சாதாரண ஃபில்டர் தடுக்காது.

தாத்தா ஓட்டிய காலத்தில் இதே வண்டிக்குத் தனி ஃபில்டர் இல்லை. டேங்குக் குழாயில் இருக்கும் சல்லடையே போதுமானதாக இருந்தது. மழையில் நனைந்தது, வெயிலில் நின்றது. ஆனாலும் தினமும் எண்ணெய் ஊற்றித் தினமும் எரித்ததால் நீர் தங்க நேரமில்லை. பாசத்தோடு போர்த்தி வைத்த பிறகுதான் துருப்பிடித்தது. பெரியவர்கள் விட்டுப்போன எதையும் பயன்படுத்தாமல் பாதுகாத்துவிடலாம் என்று நாம் நம்புகிறோம். இரும்பு அதை ஒப்புக்கொள்வதில்லை.

ஆகவே முதலில் டேங்கைக் கழற்றித் துருவை நீக்கி, நன்றாகக் காயவையுங்கள், சல்லடையையும் கழுவுங்கள். அதன்பின் ஃபில்டர். அதன்பின் சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பித்து, வாரம் ஒருமுறையாவது கிள்ளான் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். ஓட்ட ஆளில்லை என்றால், ஓட்டுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள்.